ஓபோ படித்தவர் டிரம்ஸ் அடித்த கதை: நியூயார்க் ராக் அண்ட் ரோல் என்செம்பிள் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இந்தக் குழுவின் பேரைச் சொன்னால் ராக் இசை நிறையக் கேட்கிறவர்களே "யாருப்பா அது?" என்பார்கள். ஆனால் இதில் இருந்த இரண்டு பேர் பிற்பாடு போட்ட இசை ஆங்கிலப் படம், தொலைக்காட்சித் தொடர் பார்க்கிறவர்கள் காதில் எப்படியாவது விழுந்திருக்கும். நான் இவர்களைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் திரும்பத் திரும்ப வருகிற கேள்விகளை இங்கே சேர்த்திருக்கிறேன். பதில்களில் என் சொந்த அபிப்பிராயம் தாராளமாகவே கலந்திருக்கிறது.

முதலில், யார் இவர்கள்?

1960களின் பிற்பாதியில் நியூயார்க்கின் ஜூலியார்ட் இசைப்பள்ளியில் படித்த மூன்று பையன்கள், ராக் பக்கமிருந்து வந்த இரண்டு கிட்டார்காரர்களோடு சேர்ந்து ஆரம்பித்த ஐவர் குழு. ஜூலியார்ட் ஆட்கள் மைக்கேல் கேமன் (ஓபோ என்ற ஊதுகுழல், கீபோர்டு, பாட்டு), மார்ட்டி ஃபுல்டர்மன் (ஓபோ, டிரம்ஸ்), டோரியன் ருட்னிட்ஸ்கி (செல்லோ என்ற பெரிய வயலின் மாதிரி வாத்தியம், பேஸ் கிட்டார்). ராக் ஆட்கள் பிரையன் காரிகன், கிளிஃப் நிவிசன். இருவரும் கிட்டார் வாசித்துப் பாடவும் செய்தார்கள்.

ருட்னிட்ஸ்கி வீடே இசை வீடு. அப்பா அன்டின் ருட்னிட்ஸ்கி உக்ரைனிய இசையமைப்பாளர், அம்மா மரியா சோகில் ஆபெரா பாடகி, அண்ணன் ரோமன் பியானோ கலைஞர். அப்படிப்பட்ட வீட்டிலிருந்து ஒரு பையன் பேஸ் கிட்டாரைத் தூக்கிக்கொண்டு கிளம்பினால் சாப்பாட்டு மேசையில் என்ன பேச்சு நடந்திருக்கும் என்று நான் யோசித்துப் பார்ப்பதுண்டு.

எத்தனை ஆல்பம்?

முக்கியமானவை ஐந்து. அட்கோ நிறுவனத்துக்காக மூன்று: குழுவின் பேரையே தலைப்பாகக் கொண்ட முதல் ஆல்பம் 1968, 'ஃபெய்த்ஃபுல் ஃப்ரெண்ட்ஸ்' 1969, 'ரிஃப்ளெக்‌ஷன்ஸ்' 1970. அப்புறம் கொலம்பியாவுக்கு மாறி 'ரோல் ஓவர்' 1971, 'ஃப்ரீடம்பர்கர்' 1972. அவ்வளவுதான், கடை மூடியாகிவிட்டது.

சில இடத்தில் 'ராக் அண்ட் ரோல் என்செம்பிள்' என்றும் சில இடத்தில் 'ராக் என்செம்பிள்' என்றும் இருக்கிறதே, இரண்டு குழுவா?

ஒரே குழுதான். கொலம்பியாவுக்குப் போனபோது நடுவிலிருந்த 'அண்ட் ரோல்' கழன்றுவிட்டது. பழைய இசைத்தட்டு தேடுகிறவர்கள் இரண்டு பேரிலும் தேட வேண்டும்.

இவர்களை சைகடெலிக் ராக் என்று சொல்லலாமா?

சொல்கிறார்கள். எனக்கு அரை மனதுதான். 1968-இல் நியூயார்க்கிலிருந்து வந்த ஆல்பம், தலைமுடி, கனவுத்தனமான பாட்டுத் தலைப்புகள் என்று பார்த்தால் சைகடெலிக் அலமாரியில்தான் வைக்கத் தோன்றும். ஆனால் சைகடெலிக் என்றால் பாட்டு நடுவில் தன் கட்டை அவிழ்த்துக்கொண்டு எங்கேயோ மிதந்து போய், கிட்டார் பத்து நிமிடம் ஒரே இடத்தில் சுழன்றுகொண்டிருக்கும் என்று எதிர்பார்க்கிறவர்கள் இங்கே ஏமாந்துபோவார்கள், ஏனென்றால் இவர்கள் எவ்வளவு தலைகீழாக நின்றாலும் சுரம் எழுதிய தாள்களைப் பார்த்து வாசித்து வளர்ந்தவர்கள், எந்த இடத்தில் யார் நிறுத்த வேண்டும் என்பது இவர்கள் உடம்பிலேயே ஊறிப்போன விஷயம். 'பரோக் ராக்' என்ற பேர் இன்னும் பொருந்தும்.

அந்த 'பரோக்' என்றால் என்ன? ஏன் எல்லா ராக்காரர்களும் பாக் பின்னாலேயே ஓடுகிறார்கள்?

தோராயமாக 1600-இலிருந்து 1750 வரையிலான ஐரோப்பிய இசை பரோக். அதன் உச்சி ஜெர்மானியரான யோஹான் செபாஸ்டியன் பாக். ராக்காரர்கள் பிற்காலத்து இசையமைப்பாளர்களான பிராம்ஸையோ மாலரையோ விட்டுவிட்டு பாக்கைப் பிடித்துக்கொள்வதற்கு உருப்படியான காரணம் இருக்கிறது.

பரோக் இசையின் வேகமான பகுதிகளில் காலப்பிரமாணம் ஆடாது அசையாது. ஆரம்பித்த வேகம் கடைசி வரை இருக்கும். பத்தொன்பதாம் நூற்றாண்டு இசை அப்படியில்லை, இழுக்கும், தளரும், மூச்சு விடும், அதன்மேல் டிரம்ஸைப் போட்டால் இரண்டும் ஒன்றையொன்று மிதித்துக்கொள்ளும். இன்னொன்று, பரோக்கில் அடியில் செல்லோ மாதிரி ஒரு வாத்தியம் அடித்தளச் சுரங்களை விடாமல் நடத்திக்கொண்டு போகும், ஹார்ப்சிகார்டு (பியானோவுக்கு முந்தைய கீபோர்டு வாத்தியம்) வாசிப்பவர் அந்த அடிவரியையும் அதோடு எழுதியிருக்கும் எண்களையும் பார்த்து மேலே கார்டுகளை, அதாவது சேர்ந்து ஒலிக்கும் சுரக்கூட்டங்களை, தானே நிரப்பிக்கொள்வார். இப்போது செல்லோ இருந்த இடத்தில் பேஸ் கிட்டாரையும், ஹார்ப்சிகார்டு இருந்த இடத்தில் ரிதம் கிட்டாரையும் வைத்துப் பாருங்கள். வேலை அதேதான், ஆள்தான் வேறு. ருட்னிட்ஸ்கி செல்லோவைக் கீழே வைத்துவிட்டு பேஸ் கிட்டாரை எடுத்தபோது பெரிதாக வேறு உத்தியோகம் எதற்கும் போகவில்லை என்பேன்.

அப்படியென்றால் இவர்கள் செய்த கலவை எப்படி?

மேடையில் ஆர்க்கெஸ்ட்ரா ஆட்கள் மாதிரி வால் வைத்த கறுப்புக் கோட்டும் வெள்ளை போ-டையும் போட்டுக்கொண்டு வந்து நிற்பார்கள். தலைமுடி மட்டும் 1968. அந்தக் கோலத்தில் மின்சார கிட்டாரில் பரோக் வாசிப்பார்கள், அப்புறம் ஓபோவையும் செல்லோவையும் எடுத்து ராக் பாட்டுக்குள் நுழைப்பார்கள். முதல் ஆல்பத்தில் ஒரு ட்ரையோ சொனாட்டாவின் (பரோக் காலத்து வாத்திய இசை வடிவம்) முதல் பகுதி ராக் பாட்டுகளுக்கு நடுவில் வந்து உட்கார்ந்திருக்கும், யாரும் மன்னிப்புக் கேட்பதில்லை.

அந்தக் காலத்தில் மற்றவர்கள் செய்தது வேறு மாதிரி. ராக் குழு ஒரு பாட்டைப் பதிவு செய்துவிடும், பிறகு தயாரிப்பாளர் ஒரு ஏற்பாட்டாளரைக் கூப்பிட்டு நாலு வயலின் ஆட்களைக் கூலிக்குப் பிடித்து மேலே பூசுவார். இங்கே பூசுவதற்கு வெளியாள் தேவைப்படவில்லை, ஓபோவும் செல்லோவும் குழுவுக்குள்ளேயே இருந்தன. டிரம்மரே ஓபோக்காரர். வேறு எந்த ராக் குழுவிலாவது இரண்டு ஓபோக்காரர்கள் இருந்திருந்தால் சொல்லுங்கள், நான் கேள்விப்பட்டதில்லை.

குறை என்னவென்றால், முதல் இரண்டு ஆல்பங்களில் தையல் நன்றாகவே தெரிகிறது. இது பாக், இது ராக், இப்போது மறுபடி பாக் என்று காது எண்ணிக்கொண்டே வரும். "பார், எங்களுக்கு இரண்டும் தெரியும்" என்று காட்டிக்கொள்ளும் மாணவத்தனம் அதில் இருக்கிறது. இருபதை ஒட்டிய வயது, விட்டுவிடுவோம்.

ஓபோ என்றால் நம் ஊரில் எதைப் போல?

நாயனத்துக்குத் தூரத்துச் சொந்தம். இரண்டிலும் ஊதுவது ரெட்டை நாக்கில். நாகஸ்வரத்தில் சீவாளி எப்படியோ ஓபோவில் ரீடு அப்படி: நாணல் தட்டையைச் சீவி, கட்டி, உதட்டுக்குப் பதம் பார்த்துச் செய்வது. தேர்ந்த ஓபோக்காரர்கள் பலர் தங்கள் ரீடைத் தாங்களே செய்துகொள்கிறார்கள், வாசிக்கிற நேரத்தை விட சீவுகிற நேரம்தான் அதிகம் என்று அவர்கள் புலம்புவது வழக்கம். ஆர்க்கெஸ்ட்ராவில் எல்லா வாத்தியமும் சுருதி சேர்ப்பது ஓபோ கொடுக்கிற சுரத்தை வைத்துத்தான். அதன் ஒலி கூட்டத்தில் கரையாமல் தனியாக ஊசி மாதிரி வெளியே வரும். மின்சார கிட்டார் சத்தத்துக்கு நடுவிலும் அது காதில் விழுவதற்கு அதுவும் ஒரு காரணம்.

லெனர்ட் பெர்ன்ஸ்டைனோடு வாசித்தார்கள் என்பது நிஜமா?

நிஜம். அமெரிக்க இசை நடத்துநரான பெர்ன்ஸ்டைன் நியூயார்க் ஃபில்ஹார்மோனிக் ஆர்க்கெஸ்ட்ராவை வைத்துப் பிள்ளைகளுக்காக நடத்திய கச்சேரித் தொடர் சிபிஎஸ் தொலைக்காட்சியில் வந்துகொண்டிருந்தது. அதில் 1969 ஏப்ரல் 27 அன்று ஒளிபரப்பான நிகழ்ச்சியின் விஷயம், பாக் இசையை இக்காலத்து ஆட்கள் எப்படியெல்லாம் உருமாற்றியிருக்கிறார்கள் என்பது. பழம்பெரும் இசை நடத்துநர் லியோபோல்ட் ஸ்டோகோவ்ஸ்கி வந்து பாக்கின் ஆர்கன் படைப்பொன்றைத் தானே முழு ஆர்க்கெஸ்ட்ராவுக்கு மாற்றி எழுதியதை நடத்தினார். அதையே மூக் சிந்தசைசர் என்ற மின்னணு வாத்தியத்திலும் கேட்கவைத்தார்கள். (முந்தைய ஆண்டுதான் வெண்டி கார்லோஸின் சிந்தசைசர் பாக் இசைத்தட்டு வந்து சக்கைப்போடு போட்டிருந்தது.) அடுத்து, இசையமைப்பாளர் லூகாஸ் ஃபாஸ் பாக்கைத் துண்டு துண்டாக்கி எழுதிய ஒரு நவீனப் படைப்பு. கடைசியில் நம் ஆட்கள், பாக்கின் ஐந்தாவது பிராண்டன்பர்க் கான்செர்டோவைத் (தனி வாத்தியங்களும் குழுவும் சேர்ந்து வாசிக்கும் படைப்பு) தங்கள் ராக் பாட்டாக மாற்றிக்கொண்டு.

அந்தத் தேர்வு புத்திசாலித்தனமானது. ஐந்தாவது பிராண்டன்பர்க் தன் காலத்திலேயே வழக்கம் மீறியது. பின்னணியில் கார்டு போட்டுக்கொண்டு அடக்கமாக இருக்க வேண்டிய ஹார்ப்சிகார்டு முதல் பகுதியில் திடீரென்று எல்லோரையும் உட்காரவைத்துவிட்டு நீளமான தனி ஆவர்த்தனம் ஒன்றை ஓட்டும். ராக் கச்சேரியில் கிட்டார்காரர் மேடை முன்னால் வந்து நின்றுகொள்வது மாதிரிதான் அது. 1721-இல் பாக் செய்ததை 1969-இல் ராக் பையன்கள் செய்தால் முகம் சுளிக்க என்ன இருக்கிறது?

ஒன்று கவனிக்க வேண்டும். அந்த நிகழ்ச்சியில் அவர்களை வேடிக்கைக்காகக் கூப்பிடவில்லை. ஸ்டோகோவ்ஸ்கி போன்ற ஒரு கிழச் சிங்கத்தோடு ஒரே பட்டியலில் வைத்தார்கள். ஒரு ராக் குழுவுக்கு அன்றைக்கு அது சின்ன மரியாதை இல்லை.

ராக்கில் கிளாசிக்கல் கலந்தவர்கள் வேறு யாரும் இல்லையா அப்போது?

கூட்டமே இருந்தது. புரோகோல் ஹாரம் 1967-இல் பாக் வாசனை அடிக்கும் ஆர்கனோடு ஒரு பாட்டைப் போட்டு உலகமெங்கும் ஹிட்டாக்கியது, மூடி ப்ளூஸ் அதே ஆண்டில் ஆர்க்கெஸ்ட்ராவோடு ஒரு ஆல்பம் போட்டது, தி நைஸ் 1968-இல் பிராண்டன்பர்க் மூன்றை எடுத்துக்கொண்டது, டீப் பர்ப்பிள் 1969 செப்டம்பரில் லண்டன் ராயல் ஆல்பர்ட் ஹாலில் முழு ஆர்க்கெஸ்ட்ராவோடு ஏறியது. இவர்கள் எல்லாம் ஆங்கிலேயர்கள். அமெரிக்காவில், அதுவும் ஜூலியார்ட் மாதிரி ஒரு இடத்துக்குள்ளிருந்து கிளம்பியது என்பதுதான் நம் குழுவின் விசேஷம்.

'ரிஃப்ளெக்‌ஷன்ஸ்' ஆல்பத்தை ஏன் எல்லோரும் தூக்கி வைத்துக்கொள்கிறார்கள்?

நானும் அந்தக் கூட்டத்தில் ஒருவன்தான், அதனால் இந்தப் பதில் கொஞ்சம் நீளும்.

மானோஸ் ஹட்ஜிடாகிஸ் கிரேக்க இசையமைப்பாளர். 1960-இல் வந்த 'நெவர் ஆன் சண்டே' படப் பாட்டுக்காக ஆஸ்கர் வாங்கியவர். அந்தப் பாட்டின் புகழ் அவருக்குப் பிடித்திருந்ததா என்பது வேறு கதை. அந்தப் படத்தை வைத்து நியூயார்க் பிராட்வேயில் இசை நாடகம் போடுவதற்காக 1966-இல் அமெரிக்கா வந்தவர், 1972 வரை அங்கேயே தங்கிவிட்டார். நடுவில் 1967-இல் கிரீஸில் ராணுவம் ஆட்சியைப் பிடித்திருந்தது. நாற்பதைத் தாண்டிய, உலகப் புகழ் பெற்ற ஒரு மனிதர், அந்நிய ஊரில் இருபது வயதுப் பையன்களின் ராக் குழுவைக் கூப்பிட்டு, நான் மெட்டுப் போடுகிறேன், நீங்கள் வார்த்தை எழுதி வாசியுங்கள் என்றால் எப்படி இருக்கும்? அதுதான் 'ரிஃப்ளெக்‌ஷன்ஸ்'. இசை முழுக்க அவருடையது, ஆங்கில வரிகள் குழுவினருடையவை.

விளைவு என்னவென்றால், முதல் இரண்டு ஆல்பங்களில் தெரிந்த அந்தத் தையல் மறைந்துவிட்டது. இங்கே பாக்கை மேற்கோள் காட்ட வேண்டிய அவசியமே இல்லை. மெட்டுகளே ஒரு மத்தியதரைக்கடல் ஊர்த் துக்கத்தோடும் ஒரு அறை இசை ஒழுங்கோடும் வந்தன. ஓபோவும் செல்லோவும் இங்கே வித்தை காட்ட வரவில்லை, பாட்டு கேட்டதால் வந்தன. பையன்கள் முதல் தடவையாகத் தங்களுக்குத் தெரிந்ததை எல்லாம் காட்டாமல் அடக்கி வாசித்திருக்கிறார்கள். ஒரு பெரியவர் பக்கத்தில் நின்றால் வருமே ஒரு அடக்கம், அது. குழுவின் சொந்தப் பாட்டுகளையே விரும்புகிறவர்கள் இதை ஒத்துக்கொள்ள மாட்டார்கள், "அது ஹட்ஜிடாகிஸ் ஆல்பம், இவர்கள் கூலிக்கு வாசித்தவர்கள்" என்று ஒரு வாதம் உண்டு. வரிகளையும் எழுதி, பாடி, வாசித்தவர்களைக் கூலிக்காரர்கள் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

அதில் வரும் 'கெமால்' பாட்டு கிரேக்கப் பாட்டு அல்லவா?

இதில் நிறையப் பேர் குழம்புகிறார்கள். முதலில் வந்தது இந்த ஆல்பத்தின் ஆங்கிலப் பாட்டுதான். பிற்பாடு கவிஞர் நிகோஸ் காட்சோஸ் அந்த மெட்டுகளுக்குக் கிரேக்க வரிகள் எழுத, 1993-இல் அலிகி கயாலோக்ளு பாடி மொத்த ஆல்பமும் கிரேக்கத்தில் வந்தது. அந்தக் கிரேக்க 'கெமால்' கிழக்கத்திய இளவரசன் ஒருவன், சிந்துபாத்தின் வம்சம், உலகத்தை மாற்றிவிடலாம் என்று நம்பிப் புறப்பட்டுத் தோற்கிற கதை, கடைசியில் இந்த உலகம் மாறவே மாறாது என்று சொல்லி அவனைத் தூங்கச் சொல்லிவிட்டு முடியும். இன்றைக்கு கிரீஸில் அதைத் தெரியாதவர்கள் குறைவு. 2005-இல் ரெய்னிங் ப்ளெஷர் என்ற கிரேக்கக் குழு ஆங்கில வடிவத்தையே மறுபடி பதிவு செய்து புதிய தலைமுறையிடம் கொண்டுபோனது. ஆக, அமெரிக்கா மறந்துவிட்ட ஒரு அமெரிக்கக் குழு கிரீஸில் நினைவில் இருக்கிறது.

லென்னி கிராவிட்ஸுக்கும் இவர்களுக்கும் என்ன சம்பந்தம்?

1991-இல் வந்த 'மாமா செட்' ஆல்பத்தை அவர் திறப்பதே 'ஃபீல்ட்ஸ் ஆஃப் ஜாய்' என்ற பாட்டோடுதான். அது அவருடையது என்று நினைத்துக்கொண்டிருக்கிறவர்கள் அதிகம். மூலம் 'ரோல் ஓவர்' ஆல்பத்தில் இருக்கிறது. இரண்டையும் அடுத்தடுத்துக் கேளுங்கள், கிராவிட்ஸ் ரொம்ப மரியாதையாகத்தான் எடுத்தாண்டிருக்கிறார்.

படத்தில் வந்திருக்கிறார்களாமே?

ஆமாம், 1971-இல் வந்த 'சக்கரியா'. கௌபாய்ப் படத்துக்குள் ராக் குழுக்களைக் கொண்டுவந்து விட்ட ஒரு விசித்திரம். ஜேம்ஸ் கேங், கன்ட்ரி ஜோ அண்ட் த ஃபிஷ், ஜாஸ் டிரம்மர் எல்வின் ஜோன்ஸ் என்று ஒரு பட்டாளமே உண்டு. ஒருமுறை பார்க்கலாம்.

இவ்வளவு இருந்தும் ஏன் ஓடவில்லை?

வானொலியில் திரும்பத் திரும்பப் போட ஒரு ஹிட் பாட்டு இவர்களுக்கு அமையவில்லை, அதுதான் முதல் காரணம். அதைத் தாண்டி யோசித்தால், கச்சேரி அரங்கில் கோட்டு சூட்டோடு உட்கார்ந்திருப்பவருக்கு இவர்கள் சத்தம், ராக் கிளப்பில் நிற்பவருக்கு இவர்கள் பள்ளிக்கூடம். இரண்டு பேரும் ரசித்துத் தலையாட்டிவிட்டு, காசு கொடுத்து வேறு இசைத்தட்டு வாங்கிக்கொண்டு போயிருப்பார்கள். தவிர, ஆல்பத்துக்கு ஆல்பம் இவர்கள் முகம் மாறிக்கொண்டே இருந்தது. கிரேக்க மெட்டுகளில் மயங்கி அடுத்த ஆல்பத்துக்குக் காத்திருந்தவர் கையில் 'ரோல் ஓவர்' கிடைக்கிறது, அது நேரடியான ராக்.

குழு கலைந்த பிறகு?

இதுதான் பலரும் வாயைப் பிளக்கிற இடம்.

கீபோர்டுக்காரர் கேமன் 1974-இல் டேவிட் போவியின் சுற்றுப்பயணத்துக்கு இசை இயக்குநர். 1979-இல் பிங்க் ஃப்ளாய்டின் 'தி வால்' ஆல்பத்துக்கு ஆர்க்கெஸ்ட்ரா ஏற்பாடு. அப்புறம் சினிமா: 'பிரேசில்', 'லீத்தல் வெப்பன்', 'டை ஹார்ட்'. 1991-இல் 'ராபின் ஹூட்' படத்துக்காக பிரையன் ஆடம்ஸ் பாடிய காதல் பாட்டு பிரிட்டனில் தொடர்ந்து 16 வாரம் முதலிடத்தில் இருந்ததே, அதன் மெட்டிலும் இவர் கை உண்டு. 1999 ஏப்ரலில் பெர்க்லியில் மெட்டாலிக்காவையும் சான்ஃபிரான்சிஸ்கோ சிம்பொனியையும் ஒரே மேடையில் ஏற்றி நடத்தியதும் இவரே. அந்தப் பதிவைக் கேட்கும்போது எனக்கு 1969-இல் பெர்ன்ஸ்டைன் மேடையில் நின்ற பையன்தான் ஞாபகம் வருவான். முப்பது ஆண்டு கழித்து அதே வேலையை, கோலைத் தன் கையில் வைத்துக்கொண்டு செய்திருக்கிறார். 2003 நவம்பரில், 55 வயதில் இறந்துபோனார்.

டிரம்மர் ஃபுல்டர்மன் பேரை மாற்றிக்கொண்டு மார்க் ஸ்னோ ஆனார். 'எக்ஸ் ஃபைல்ஸ்' தொடரின் ஆரம்பத்தில் வரும் அந்த விசில், முதுகுத்தண்டில் சில்லென்று இறங்குமே, அது இவருடையது. கீபோர்டில் எதிரொலி விளைவு போட்டபடி இருந்தபோது கை தற்செயலாகப் பட்டு அந்தப் பின்னணி பிறந்தது என்று அவரே பேட்டிகளில் சொல்லியிருக்கிறார். மேலே வரும் விசில் ஒரு சிந்தசைசருக்குள் இருந்த ஒலி. அந்த இசை 1996-இல் பிரிட்டன் பட்டியலில் இரண்டாம் இடம் வரை போனது. 2025 ஜூலை 4 அன்று காலமானார். இருவரும் ஜூலியார்டில் ஒரே அறையில் தங்கிப் படித்தவர்கள். அந்த அறையின் சுவருக்கு அந்தப் பக்கம் இருந்தவர் தூங்கியிருக்கவே மாட்டார்.

சரி, எங்கிருந்து கேட்க ஆரம்பிப்பது?

வரிசைப்படி போகாதீர்கள். முதல் ஆல்பத்திலிருந்து ஆரம்பித்த நண்பர்கள் பாதியில் ஓடிவிட்டதை நான் பார்த்திருக்கிறேன். 'ரிஃப்ளெக்‌ஷன்ஸ்' முழுசாக, இரவில், ஒரே மூச்சில். அது பிடித்தால் 'ரோல் ஓவர்' போய் 'ஃபீல்ட்ஸ் ஆஃப் ஜாய்' கேளுங்கள். அதற்குப் பிறகு பாக்கின் ஐந்தாவது பிராண்டன்பர்க்கை ஏதாவது நல்ல பதிவில் ஒருமுறை கேட்டுவிட்டு 'ஃபெய்த்ஃபுல் ஃப்ரெண்ட்ஸ்' ஆல்பத்தில் இருக்கும் 'பிராண்டன்பர்க்' பாட்டுக்கு வாருங்கள், என்ன எடுத்தார்கள், எதை விட்டார்கள் என்று பிடிபடும். முதல் ஆல்பம் கடைசியில். 'ஃப்ரீடம்பர்கர்' உங்களுக்கு நேரம் மிச்சம் இருந்தால்.